எச்.ஐ.வி. முதல் அறிகுறி: அந்தக் காய்ச்சலை வைத்துச் சொல்ல முடியுமா?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் காரைக்குடிக்குப் பக்கத்து ஊர்க்காரர், வயது 31, திருமணமானவர். 36 நாளைக்கு முன்னால் வெளியூரில் ஒரு பெண்ணோடு ஆணுறை இல்லாமல் ஒரே ஒரு முறை உறவு. 17ஆம் நாள் காய்ச்சல் தொடங்கி 5 நாள் அடித்தது. கூடவே தொண்டை வலி, நெஞ்சிலும் முதுகிலும் சிவப்புத் தடிப்பு. டெங்கு இல்லை என்று ரிப்போர்ட் வந்துவிட்டது. 24ஆம் நாள் விரலில் குத்தி எடுத்த எச்.ஐ.வி. ஸ்பாட் டெஸ்ட்டும் நெகடிவ். எச்.ஐ.வி.யின் முதல் அறிகுறிகள் என்ன, அது எப்படி வளரும், எத்தனை வருஷத்தில் முற்றும் என்று கேட்டிருக்கிறார். அவர் கேட்டது பட்டியல்தான். ஆனால் அவருக்குத் தெரிய வேண்டியது, வந்த காய்ச்சல் அதுதானா, கையில் இருக்கும் நெகடிவ் ரிப்போர்ட்டை நம்பலாமா என்பது. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

அந்தக் காய்ச்சலை வைத்து ஆம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. நேரில் பார்க்கும் மருத்துவராலும் முடியாது. எச்.ஐ.வி. தொற்றியவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு, பெரும்பாலும் 2 முதல் 4 வாரத்துக்குள், ஏதோ ஒரு காய்ச்சல் வரும். மற்றவர்களுக்குத் தும்மல்கூட வராது. காய்ச்சல், உடல் அசதி, தொண்டை வலி, தலைவலி, மூட்டு தசை வலி, இரவில் வியர்த்து நனைவது, சிலருக்கு வயிற்றுப்போக்கு, இவைதான் அந்தக் கட்டத்தின் வழக்கமான முகம். காய்ச்சல் வந்து இரண்டு மூன்று நாள் கழித்துத் தடிப்பு வரும். நெஞ்சு, முதுகு, கழுத்து, முகம் ஆகிய இடங்களில் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகளாகத் தெரியும், பெரும்பாலும் அரிக்காது, ஒரு வாரத்தில் மங்கிவிடும். இரண்டாவது வாரத்தில் கழுத்திலும் பிடரியிலும் அக்குளிலும் நெறி கட்டும். வாயிலோ பிறப்புறுப்பிலோ ஓரம் தெளிவான ஆழமில்லாத புண் வந்தால் மட்டும் சந்தேகம் கொஞ்சம் கூடும், மற்ற வைரஸ் காய்ச்சல்களில் அது அவ்வளவு சாதாரணமில்லை. மூக்கு ஒழுகுவதும் சளி இருமலும் முன்னால் நின்றால் சாதாரண ஜலதோஷத்தின் பக்கம் தராசு சாயும். மருந்து சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் எல்லாம் ஒன்றிரண்டு வாரத்தில் தானாகவே அடங்கிவிடும். ஏமாற்றுவதே அதுதான். குணமாகிவிட்டது என்று ஆள் மறந்துவிடுவார்.

இதே முகத்தோடு வரும் காய்ச்சல்கள் நம் பக்கத்தில் எத்தனையோ உண்டு. ஐப்பசி கார்த்திகை மழை முடிந்து, பெரிய வீடுகளின் முற்றத் தொட்டியிலும் மூடாத அண்டாவிலும் தண்ணீர் நிற்கும் காலம் டெங்குவின் காலம். டெங்குவுக்கான என்.எஸ்.1 பரிசோதனை காய்ச்சலின் முதல் 5 நாளில்தான் நன்றாகப் பிடிக்கும். அதற்குப் பிறகு எடுத்து நெகடிவ் வந்திருந்தால் டெங்கு இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது, டெங்குவுக்கு எதிராக உடம்பு தயாரிக்கும் ஐ.ஜி.எம். என்ற எதிர்ப்பொருளைப் பார்க்க வேண்டும். பிளேட்லெட் குறைந்திருந்தது, அதனால் டெங்குதான் என்ற முடிவும் சரியில்லை. எச்.ஐ.வி.யின் ஆரம்பக் காய்ச்சலிலும் அது கொஞ்சம் குறையலாம். காட்டுப் பக்கம் புழங்குபவர்களுக்கு உண்ணிக்காய்ச்சல் உண்டு. அதில் இடுப்பிலோ தொடையிடுக்கிலோ சிகரெட் சுட்டது போலக் கறுத்த பொருக்கு ஒன்று இருக்கும், தேடினால்தான் கண்ணில் படும். தொண்டை வலிக்கு மெடிக்கல் கடையில் அமாக்ஸிசிலின் வாங்கிப் போட்டிருந்தால், மாத்திரையாலேயே தடிப்பு வந்திருக்கலாம். உங்கள் விஷயத்தில் இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சிபிலிஸ் என்ற மேகநோயின் இரண்டாம் கட்டத்திலும் உடம்பெல்லாம் அரிக்காத தடிப்பு வரும், உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும்கூட வரும். பொதுவாக அது இன்னும் சில வாரம் கழித்து வருவது என்றாலும், வி.டி.ஆர்.எல். அல்லது ஆர்.பி.ஆர். என்ற சின்ன ரத்தப் பரிசோதனையை எச்.ஐ.வி.யோடு சேர்த்தே எடுத்துவிடுங்கள். ஹெபடைடிஸ் பி, சி இரண்டையும் விட வேண்டாம்.

பயத்தின் அளவு சரியாக இருக்க வேண்டும் என்பதற்காக ஒரு கணக்கு. அந்தப் பெண்ணுக்கு எச்.ஐ.வி. இருந்து, சிகிச்சையிலும் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் ஒரு முறை யோனிவழி உறவில் ஆணுக்குத் தொற்றும் வாய்ப்பு சராசரியாக 10,000க்கு 4 அளவில்தான். பெண்ணுக்கு அது 8. ஆசனவாய் வழியில் ஏற்பவருக்கு 138 வரை போகும். இவையெல்லாம் சராசரி. இருவரில் ஒருவருக்குப் பிறப்புறுப்பில் புண் இருந்தாலோ, அந்தப் பெண்ணே அண்மையில் தொற்றியவராக இருந்தாலோ எண் பல மடங்கு ஏறும். ஆக, வாய்ப்பு சிறியது, ஆனால் பூஜ்யம் இல்லை. சிறியது என்பதற்காகப் பரிசோதனையைத் தள்ளிப்போடவும் கூடாது, காய்ச்சல் வந்தது என்பதற்காக முடிவு கட்டிக்கொள்ளவும் கூடாது.

இனி அந்த 24ஆம் நாள் ரிப்போர்ட். உள்ளே நுழைந்த வைரஸ் முதல் 10 நாள் அளவுக்கு ரத்தத்தில் எந்தப் பரிசோதனைக்கும் அகப்படாது. நுழைந்த இடத்திலும் பக்கத்து நிணநீர்க் கட்டிகளிலும் பெருகிக்கொண்டிருக்கும். அதன் பிறகு ரத்தத்தில் வைரஸின் மரபுப் பொருளான ஆர்.என்.ஏ. தெரியும், சில நாளில் பி24 என்ற வைரஸ் புரதம் தெரியும், அதற்கும் பின்னால்தான் உடம்பு தயாரிக்கும் எதிர்ப்பொருள் தெரியும். விரலில் குத்திப் பார்க்கும் ஸ்பாட் டெஸ்ட்டுகளில் பெரும்பாலானவை கடைசியாக வரும் இந்த எதிர்ப்பொருளை மட்டுமே தேடுகின்றன. 23 நாளிலிருந்து 90 நாள் வரை எப்போது வேண்டுமானாலும் அது தெரியத் தொடங்கலாம். நீங்கள் எடுத்தது வாசல் திறக்கும் நாளில். அந்த நெகடிவ் பழைய தொற்று எதுவும் இல்லை என்பதற்குச் சாட்சி, இந்த உறவைப் பற்றி அது பேசவே இல்லை. வளைகுடா விசாவுக்காகப் போன வருஷம் எடுத்த மெடிக்கல் ரிப்போர்ட்டைக் காட்டி ஆறுதல் தேடுகிறவர்களுக்கும் இதே பதில்தான்.

இன்று 36ஆம் நாள். நான்காம் தலைமுறைப் பரிசோதனை என்று கேளுங்கள். சில லேபில் காம்போ என்பார்கள், சில இடத்தில் எச்.ஐ.வி. எலைசா நான்காம் தலைமுறை என்று ரசீதில் இருக்கும். அது எதிர்ப்பொருளையும் பி24ஐயும் சேர்த்துப் பிடிக்கும். நரம்பிலிருந்து எடுத்த ரத்தத்தை லேபில் வைத்துப் பார்க்கும்போது 18 முதல் 45 நாளுக்குள் தொற்றைக் காட்டிவிடும். இன்று எடுத்து நெகடிவ் வந்தால் பெரும்பங்கு கவலை போகும். இன்னும் 9 நாள் பொறுத்து 45ஆம் நாளுக்குப் பிறகு ஒரு முறை எடுத்து அதுவும் நெகடிவ் என்றால், இந்த உறவைப் பொறுத்தவரை கணக்கு முடிந்தது. விரல் குத்தும் பரிசோதனை மட்டுமே கிடைக்கும் என்றால் 90ஆம் நாள் வரை காத்திருக்க வேண்டும். ரத்தத்தில் வைரஸையே எண்ணிப் பார்க்கும் வைரல் லோடு எடுத்தால் சீக்கிரம் தெரியுமே என்று சிலர் ஆயிரக்கணக்கில் செலவழிப்பார்கள். மருத்துவர் காரணம் சொல்லி எழுதினால் சரி, நீங்களாகப் போய் எடுக்க வேண்டாம். தொற்று இல்லாதவருக்கும் சில நேரம் சொற்ப எண்ணிக்கை காட்டி ஆளை அலைக்கழிக்கும் பரிசோதனை அது.

ரிப்போர்ட்டில் 0.12, 0.38 என்று ஒரு எண் இருக்கும். கருவியின் வரம்பு 1.0 என்றால் அதற்குக் கீழே எதுவாக இருந்தாலும் ஒரே நெகடிவ்தான். போன தடவை 0.12, இந்தத் தடவை 0.38, ஏறிக்கொண்டே போகிறதே என்று தூக்கம் கெட்டுப் போகிறவர்கள் நிறையப் பேர். அந்த ஏற்ற இறக்கம் கருவியும் ரசாயனமும் தருவது, அதற்கு அர்த்தம் கிடையாது. அதுபோல ஒரே பரிசோதனையில் பாசிடிவ் வந்தாலும் அது முடிவு இல்லை. அரசு முறைப்படி வெவ்வேறு வகையான மூன்று பரிசோதனைகளும் பாசிடிவ் ஆனால்தான் எச்.ஐ.வி. என்று எழுதுவார்கள். மூன்றும் ஒத்துப்போகாவிட்டால் இரண்டு வாரம் கழித்து மறுபடி ரத்தம் கேட்பார்கள்.

எங்கே போவது? அரசு மருத்துவமனைகளில் நம்பிக்கை மையம் என்ற பலகை போட்ட அறை இருக்கும். பரிசோதனை இலவசம். முன்னும் பின்னும் ஆலோசகர் உட்கார வைத்துப் பேசுவார். காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ உள்ளே நுழைந்தால் சித்தப்பா மகனோ பங்காளி வீட்டுக்காரரோ எதிரே வருவார் என்ற தயக்கம் நியாயமானதுதான். சின்ன ஊர், ஒருவரை ஒருவர் தெரியாதவர் கிடையாது. அப்படியென்றால் மதுரைக்கோ திருச்சிக்கோ பஸ் ஏறுங்கள். இன்ன ஊர்க்காரர் இங்கேதான் எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 2017இல் இயற்றி 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கும் எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டத்தின்படி, உங்கள் சம்மதம் இல்லாமல் பரிசோதிக்கவும் கூடாது, முடிவை வெளியே சொல்லவும் கூடாது. 1097 என்ற இலவச எண்ணில் பெயர் சொல்லாமலே கேட்கலாம்.

இரண்டாவது பாதிக்கு வருகிறேன், தொற்று எப்படி வளரும் என்பது. கீழே சொல்வது முழுக்கச் சிகிச்சை எடுக்காதவரின் கதை என்பதை நினைவில் வைத்துப் படியுங்கள். வைரஸ் குறிவைப்பது சி.டி.4 என்ற வெள்ளணுவை. மற்ற எதிர்ப்பு அணுக்களுக்கு உத்தரவு கொடுக்கும் அணு அது. வைரஸ் தன் ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக மாற்றி அந்த அணுவின் மரபிழைக்குள்ளேயே செருகிவிடுகிறது. இன்றைய மருந்துகளால் வைரஸை அடக்க முடிகிறது, வேரோடு பிடுங்க முடியவில்லை என்பதற்குக் காரணம் இந்தச் செருகல்தான். முதல் சில வாரத்திலேயே குடல் சுவரில் இருக்கும் சி.டி.4 அணுக்கள் பெருமளவு அழிந்துவிடும். அப்போது ரத்தத்தில் வைரஸ் ஒரு மில்லிலிட்டருக்குப் பல லட்சம், சிலருக்குக் கோடியைத் தொடும். பிறகு உடம்பு ஓரளவு எதிர்த்து நிற்க, எண்ணிக்கை இறங்கி, சில மாதத்தில் ஒரு மட்டத்தில் நிற்கும். அந்த மட்டம் ஆளுக்கு ஆள் வேறு. உயரத்தில் நின்றவருக்கு நோய் வேகமாக முற்றும், தாழ்வில் நின்றவருக்கு மெதுவாக.

அதற்குப் பிறகு வருவது பல வருஷ அமைதி. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. கடைக்குப் போவார், கல்யாண வீட்டில் பந்தி பரிமாறுவார், தேர் இழுப்பார். உள்ளே தினமும் 1,000 கோடி அளவுக்குப் புது வைரஸ் உற்பத்தி ஆகிக்கொண்டிருக்கும், உடம்பும் ஈடுகட்டிக்கொண்டே இருக்கும். சாதாரணமாக ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 500 முதல் 1,500 வரை இருக்கும் சி.டி.4, சராசரியாக வருஷத்துக்கு 50 முதல் 100 வரை குறையும். 200க்குக் கீழே போனாலோ, குறிப்பிட்ட சில நோய்கள் வந்தாலோ அதற்குப் பெயர் எய்ட்ஸ். தொற்றிய நாளிலிருந்து அங்கே போய்ச் சேர சராசரி 8 முதல் 10 வருஷம். இரண்டு மூன்று வருஷத்தில் போனவரும் உண்டு, மருந்தில்லாமல் 15 வருஷம் தாண்டியவரும் உண்டு. வைரஸைத் தானாகவே அடக்கி வைத்திருக்கும் உடம்பு நூற்றில் ஒருவருக்குக்கூடக் கிடையாது. எந்த ஆள் எந்த வழியில் போவார் என்று தொடக்கத்திலேயே யாராலும் சொல்ல முடியாது, அதனால் எனக்கு எத்தனை வருஷம் என்ற கேள்விக்குத் தனி ஆளுக்கான பதில் கிடையாது.

அமைதி கலையும்போது வரும் முதல் தடயங்கள் பெரும்பாலும் தோலிலும் வாயிலும் இருக்கும். சி.டி.4 இன்னும் 300, 400 என்று இருக்கும்போதே அக்கி வரலாம். 60 வயதுக்காரருக்கு அக்கி வந்தால் வியப்பில்லை. 30 வயதில் வந்தால், அதுவும் இரண்டாம் முறை வந்தால், எச்.ஐ.வி. பரிசோதனை எடுத்தே ஆக வேண்டும். நம் ஊரில் அக்கி என்றால் வேளார் வீட்டுக்குப் போய்க் காவியால் சிங்கம் எழுதிக்கொண்டு வருவார்கள். எழுதிக்கொள்ளட்டும், அதில் எனக்குச் சண்டையில்லை. ஆனால் கொப்புளம் வந்த 72 மணி நேரத்துக்குள் அசைக்ளோவிர் தொடங்கினால்தான் முழுப் பலன், கண்ணுக்குப் பக்கத்தில் வந்திருந்தால் அன்றைக்கே கண் மருத்துவர் பார்க்க வேண்டும். கைகால்களில் கொசுக்கடி போலவே அரிக்கும் சின்னக் கட்டிகள் மாதக்கணக்கில் ஆறாமல் கறுத்துப் போவது, வாயோரம் வெடிப்பது, மூக்கோரத்திலும் புருவத்திலும் பொடுகு போல உதிர்வது, அடிக்கடி சைனஸ் தொல்லை, இவையெல்லாம் அடுத்த வரிசை. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் சாதாரணம். சேர்ந்து வந்தால்தான் யோசிக்க வேண்டும். இதற்கு அடுத்த படியில் நாக்கிலும் அண்ணத்திலும் தயிர் ஒட்டியது போல வெள்ளைப் படலம் வரும். துடைத்தால் பெயர்ந்து அடியில் சிவந்திருக்கும். பச்சைக் குழந்தைக்கு வந்தால் சாதாரணம், சர்க்கரை நோயோ ஆன்டிபயாடிக்கோ ஸ்டீராய்டோ இல்லாத பெரியவருக்கு வந்தால் சாதாரணம் இல்லை. ஒரு மாதத்துக்கு மேல் காய்ச்சல், ஒரு மாதத்துக்கு மேல் பேதி, உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இறக்கம், இவையும் அதே கட்டம்.

நம் நாட்டில் எச்.ஐ.வி. உள்ளவரை அதிகம் சாய்ப்பது காசநோய். பழைய ஆட்கள் எலும்புருக்கி என்பார்கள். காசநோய்க் கிருமி உள்ளே தூங்கும் சாதாரண ஆளுக்கு வாழ்நாள் முழுவதிலும் அது நோயாக விழிக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 5 முதல் 10. எச்.ஐ.வி. இருந்து சிகிச்சை இல்லையென்றால் ஏறக்குறைய அதே அளவு வாய்ப்பு ஒவ்வொரு வருஷமும். சி.டி.4 எத்தனை இருந்தாலும் வரும். சி.டி.4 குறைவாக இருக்கும்போது எக்ஸ்ரேயில் வழக்கமான ஓட்டை தெரியாமல் போகும், சளியில் கிருமி கிடைக்காமலும் போகும், அதனால் படம் சுத்தம் என்று விட்டுவிடக் கூடாது. 200க்குக் கீழே நியூமோசிஸ்டிஸ் நிமோனியா. வறட்டு இருமலும், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதும் வாரக்கணக்கில் கூடிக்கொண்டே போகும். 100க்குக் கீழே வாரக்கணக்கில் விடாத தலைவலி கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சையால் வரும் மூளைக்காய்ச்சலாக இருக்கலாம், ஒரு பக்கக் கைகால் இழுப்போ வலிப்போ டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி மூளையைத் தாக்கியதாக இருக்கலாம். 50க்குக் கீழே கண் பார்வையில் பூச்சி பறப்பது போலத் தெரிந்தால் உடனே பார்க்காவிட்டால் பார்வை போகும்.

இந்தக் கதையில் எந்தப் படியிலும் மருந்து தொடங்கலாம், முதல் படியிலேயே தொடங்கிவிட்டால் மற்றவை நடக்காமலே போகும். சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் டாக்டர் நிர்மலாவும் 1986இல் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டுபிடித்தபோது கொடுக்க மருந்தே இல்லை. 2004 ஏப்ரலில் அரசு இலவசமாகக் கூட்டு மருந்து கொடுக்கத் தொடங்கியது. அப்போது சி.டி.4 இறங்கும் வரை காத்திருக்கச் சொன்னார்கள். 2017 முதல் எண்ணிக்கை எதுவானாலும் உடனே தொடக்கம். இன்று பெரும்பாலானவர்களுக்குத் தினம் ஒரே மாத்திரை: டெனோஃபோவிர் 300, லாமிவுடின் 300, டோலுடெக்ராவிர் 50 மில்லிகிராம் மூன்றும் சேர்ந்தது. ஒழுங்காகச் சாப்பிட்டால் பெரும்பாலானவர்களுக்கு 6 மாதத்துக்குள் ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கிவிடும். அப்படியே நீடித்தால் ஆயுள் மற்றவர்களுக்குக் கிட்டத்தட்டச் சமம், உடலுறவில் அடுத்தவருக்குத் தொற்றாது. இது பெரிய ஆய்வுகளில் உறுதியானது, சந்தேகத்துக்கு இடமில்லை.

கெடுவது எங்கே என்றால், சின்ன விஷயங்களில். ரத்தசோகைக்கான இரும்புச் சத்து, கால்சியம் மாத்திரைகளை வெறும் வயிற்றில் இதோடு சேர்த்து விழுங்கினால் டோலுடெக்ராவிர் உடம்பில் சரியாகச் சேராது. அவற்றுக்கு 2 மணி நேரம் முன்னால் அல்லது 6 மணி நேரம் பின்னால் இதைச் சாப்பிட வேண்டும், அல்லது எல்லாவற்றையும் சாப்பாட்டோடு சேர்த்து எடுக்கலாம். நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் ஜெலூசில் வகை மருந்துகளுக்குச் சாப்பாட்டோடு என்ற சலுகை கிடையாது, இடைவெளி விட்டே ஆக வேண்டும். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் சாப்பிடுபவருக்கு 12 மணி நேரம் கழித்து இன்னொரு 50 மில்லிகிராம் டோலுடெக்ராவிர் வேண்டும். கூடவே ஹெபடைடிஸ் பி உள்ளவர் மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் கல்லீரல் கொதித்தெழும், ஏனென்றால் அந்த மாத்திரையில் இரண்டு மருந்து அந்த வைரஸையும் பிடித்து வைத்திருக்கிறது. பூரண குணம் என்று லேகியம் விற்பவரை நம்பி நிறுத்துகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எய்ட்ஸைக் குணப்படுத்துவதாகச் சொல்லி எந்த மருந்தையும் விற்கக் கூடாது என்று மருந்து விதிகளின் ஜே அட்டவணையே தடுக்கிறது.

இதைப் படிக்கும் வேறு யாராவது சம்பவம் நடந்து 72 மணி நேரத்துக்குள் இருந்தால், பரிசோதனைக்கு நாள் பார்க்காமல் இப்போதே அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய் எச்.ஐ.வி. தடுப்பு மருந்து கேளுங்கள். 28 நாள் சாப்பிட வேண்டும், முதல் சில மணி நேரத்தில் தொடங்கினால் பலன் அதிகம். உங்களுக்கு அந்த வாசல் மூடிவிட்டது, அதைக் கேட்டு அலைய வேண்டாம்.

கடைசியாக உங்கள் வீட்டம்மா. 45ஆம் நாள் ரிப்போர்ட் கைக்கு வரும் வரை ஆணுறை இல்லாமல் சேர வேண்டாம், ரத்த தானமும் வேண்டாம். தொற்று இருந்தால் இந்த முதல் வாரங்கள்தான் வைரஸ் உச்சத்தில் இருக்கும், பரவும் வாய்ப்பும் உச்சத்தில் இருக்கும் காலம். அந்த 36 நாளுக்குள் ஏற்கெனவே சேர்ந்திருந்து, அவர் கர்ப்பமாகவோ பால் கொடுத்துக்கொண்டோ இருந்தால், 45ஆம் நாளுக்குக் காத்திருக்காமல் நாளைக்கே உங்கள் நான்காம் தலைமுறைப் பரிசோதனையை எடுத்துவிடுங்கள். பாசிடிவ் வந்தால் அவருக்கும் அன்றைக்கே பார்க்க வேண்டும், குழந்தைக்குப் பரவாமல் தடுக்கும் மருந்து இருக்கிறது. ஒரே தட்டில் சாப்பிடுவது, ஒரே குளியலறை, ஊருணியில் குளிப்பது, கொசு, குழந்தையைத் தூக்கி முத்தமிடுவது, இவற்றால் எதுவும் ஆகாது. அவற்றை நிறுத்த வேண்டாம்.